வெளியே சாய்ந்த சுவர்: காட்ஸ்வோல்ட்ஸ் கற்களஞ்சியம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கட்டடமும் அதன் வேலையும்

தென்மத்திய இங்கிலாந்தில், காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுச் சரிவில் உள்ள ஒரு குடும்பப் பண்ணை. அதன் முற்றத்தை ஒட்டி 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய கற்களஞ்சியம் நிற்கிறது. பட்டியலிடப்பட்ட இரண்டாம் தரப் பாதுகாப்புக் கட்டடம் அது. அதன் தென்மேற்குச் சுவர் வெளிப்பக்கம் சாய்ந்து கல் உதிரத் தொடங்கியதிலிருந்து, பழுதுபார்த்து இரண்டு ஆண்டுகள் கழியும் வரை நடந்தவை இங்கே பதிவாகின்றன. பண்ணையின் பெயர், ஊர், பணியாற்றியவர்களின் பெயர்கள் தரப்படவில்லை.

பழுதைப் புரிந்துகொள்ள, கட்டடம் எந்த வேலைக்காக எழுப்பப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அறுத்த கோதுமை, பார்லிக் கதிர்க்கட்டுகளை உள்ளே அடுக்கிவைத்து, குளிர்காலம் முழுக்கக் கூரைக்குக் கீழேயே கதிரடித்துத் தூற்றிய இடம் இது. உள்ளளவு 22.5 மீட்டர் நீளம், 6.5 மீட்டர் அகலம், கூரைச் சட்டகங்கள் பிரிக்கும் ஐந்து அங்கணங்கள் (பகுதிகள்). நடு அங்கணத்தில் நீளச் சுவர்கள் இரண்டிலும் எதிரெதிரே கதவுகள். வடகிழக்குப் பக்கக் கதவு உயரமானது. அதற்கு முன்னால் கல்லால் கட்டிய முகப்புக் கொட்டகை நீண்டிருக்கிறது. கதிர்ப்பாரம் ஏற்றிய வண்டி அந்த வழியாக நுழையும். பாரத்தை இறக்கியபின் எதிரே உள்ள தாழ்ந்த கதவு வழியாக வெளியேறும். இரண்டு கதவுகளையும் திறந்துவைத்தால் குறுக்கே காற்று ஓடும். அந்தக் காற்றில் தூற்றும்போது பதர் பறந்துபோய் மணி தளத்தில் விழும். அடுக்கிய கதிரில் பூஞ்சை பிடிக்காதிருக்கச் சுவரெங்கும் காற்றுத் துளைகள் வைத்திருக்கிறார்கள். வெளிமுகத்தில் 100 மி.மீ. அகலமே உள்ள அந்தத் துளைகள் உள்முகத்தில் 400 மி.மீ. வரை விரிகின்றன. காற்று தாராளமாக வரும், மழை அதிகம் வராது. தென்கிழக்கு முக்கோணச் சுவரின் உச்சியில் ஆந்தை நுழைய ஒரு பொந்தும் உண்டு. எலி பிடிப்பதற்காகவே கூகையை உள்ளே வரவிட்ட காலத்தின் ஏற்பாடு.

சுவர்கள் 600 மி.மீ. தடிமன். மீன்சினை போல நுண்ணிய உருண்டைகள் சேர்ந்து இறுகிய ஊலிட்டிக் சுண்ணக்கல், அந்த வட்டாரத்தின் தேன்நிறக் கல். வெளிமுகம் ஒன்று, உள்முகம் ஒன்று என இரண்டு கல் அடுக்குகள்; நடுவில் சில்லுக்கல்லும் மண் கலந்த சுண்ணாம்புக் காரையும் நிரப்பியிருக்கிறது. இரு முகங்களையும் பிணைப்பவை, சுவரின் முழுத் தடிமனுக்கும் நீளும் கட்டுக்கற்கள். இந்தச் சுவரில் அவை மிகக் குறைவாகவே இருந்தன என்பது பிரித்தபோதுதான் தெரிந்தது.

கூரை 52 பாகைச் சரிவு. மேலே கல் ஓடு வேய்ந்திருக்கிறது: இறவாணத்தில், அதாவது கூரையின் கீழ்விளிம்பில், பெரிய ஓடுகள், மேலே போகப்போகச் சிறியவை, முகட்டருகே உள்ளங்கை அகலம். ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ என்றால், 300 சதுர மீட்டர் கூரையில் ஓடு மட்டுமே 30 டன். ஆக்ஸ்ஃபோர்ட்ஷையரின் கிரேட் காக்ஸ்வெல் களஞ்சியம், பியூலி மடத்துச் சிஸ்டர்சியத் துறவிகள் சுமார் 1300-ல் கட்டியது, இத்தகைய பாரத்தை வேறு விதமாகத் தாங்குகிறது. அங்கே கல் பீடங்களின்மேல் நிற்கும் ஓக் தூண்கள் கூரைப் பாரத்தில் பெரும்பகுதியை நேரே தரைக்கு இறக்கிவிடுகின்றன. இங்கே தூணே இல்லை. நான்கு கூரைச் சட்டகங்கள் நீளச் சுவர்களின்மேல் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு சாய்மரங்கள் இரு பக்கமும் விரியப் பார்க்கும். அவற்றின் அடிகளைச் சேர்த்துப் பிடிப்பது ஒரே ஒரு குறுக்கு உத்திரம். அது இல்லையென்றால் விரியும் விசை முழுவதும் சுவரின் உச்சியில் போய்த் தள்ளும்.

இடையில் நடந்த மாற்றங்கள்

கதிரடிக்கும் இயந்திரத்தை ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ மீக்கிள் 1786-ல் உருவாக்கினார். 19-ஆம் நூற்றாண்டு போகப்போக, கையால் கதிரடிக்கும் தளத்துக்கு வேலை குறைந்தது. இந்தக் களஞ்சியம் வைக்கோல் கிடங்காகவும், பிறகு மாட்டுத் தொழுவமாகவும் மாறியது. இந்த நிகழ்வுக்குத் தேவையான மாற்றங்கள் மூன்று. மூன்றுமே 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நடந்தவை.

முதலாவது, வைக்கோல் பொதிகளை மேலேற்றும் இயந்திரம் திரும்ப இடம் வேண்டும் என்று, வடமேற்கிலிருந்து மூன்றாவது சட்டகத்தின் குறுக்கு உத்திரத்தில் நடுவே 3.5 மீட்டரை அறுத்தெடுத்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் ஒன்றரை மீட்டர் முண்டுகள் மட்டும் மிஞ்சின. இரண்டாவது, தென்மேற்குச் சுவரின் வெளிமுகம் முழுக்கப் பழைய காரையை மேலோட்டமாகச் சுரண்டி, சிமெண்ட் காரையால் இணைப்புகளை அடைத்தார்கள். உள்ளே மாடு உரசும் உயரத்துக்கு, 1.2 மீட்டர் வரை, சிமெண்ட் பூச்சு. மூன்றாவது, அதே சுவருக்கு வெளியே கான்கிரீட் தளம் போட்டார்கள். அதற்கடியில் பல தலைமுறைச் சாணமும் மண்ணும் சேர்ந்து நிலம் ஏற்கெனவே 350 மி.மீ. உயர்ந்திருந்தது. போட்ட தளமோ சுவரை நோக்கிச் சரிந்திருந்தது.

முதல் அறிகுறிகளும் முதல் ஆலோசனைகளும்

முதலாம் ஆண்டு மார்ச்சில், நீண்ட மழைக்குப் பின் வந்த உறைபனி வாரத்தில், தென்மேற்குச் சுவரின் நான்காவது அங்கணத்திலிருந்து ஏழெட்டு முகக்கற்கள் பெயர்ந்து விழுந்தன. விழுந்தவற்றின் பின்பக்கம் கையில் ஒட்டும் அளவுக்கு ஈரமாக இருந்தது. முன்பக்கச் சிமெண்ட் மட்டும் கல்லின் தோலையும் உரித்துக்கொண்டு தகடாக வந்திருந்தது. உள்ளே கூரையில் அங்கங்கே வானம் தெரிந்தது.

உரிமையாளர் இரண்டு ஒப்பந்ததாரர்களிடம் கேட்டார். ஒருவர், 12 மீட்டர் நீளச் சுவரை இடித்துவிட்டு, உள்ளே கான்கிரீட் கட்டை, வெளியே பழைய கல் என்று திரும்பக் கட்டலாம் என்றார். மற்றவர், தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது என்று முடிவுகட்டி, அடிச்சுவரில் வரிசையாகத் துளையிட்டு இரசாயன ஈரத்தடுப்பு செலுத்தச் சொன்னார். அவர் ஆதாரமாகக் காட்டியது, சுவரின் அடியில் வைத்தவுடன் உச்சிக்கு ஓடிய மின்முள் ஈரமானி ஒன்றைத்தான்.

பட்டியலிடப்பட்ட கட்டடத்தின் இயல்பைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும் இங்கிலாந்தில் 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி முன் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் இல்லாமல் செய்வது குற்றம்; அபராதத்தோடு முடியாமல் சிறைவரை போகலாம். உள்ளாட்சியின் பாரம்பரியக் கட்டட அலுவலர் நேரில் வந்து பார்த்தார். சுவர் ஏன் சாய்ந்தது என்பதற்குச் சான்று இல்லாமல் இடிப்பு விண்ணப்பத்தை ஏற்க முடியாது என்று தெளிவாகச் சொன்னார். அந்தப் பதில் இல்லாதிருந்தால் இந்தச் சுவர் இன்று நின்றிருக்காது. பழங்கட்டட அனுபவமுள்ள கட்டுமானப் பொறியாளர் ஒருவரையும் மதிப்பாய்வாளர் ஒருவரையும் ஏப்ரலில் அமர்த்தினார்கள். முதல் வேலையாக மூன்றாவது சட்டகத்தின் அடியில் எஃகு முட்டுகளும், சுவரின் வெளியே சாய்வு முட்டுகளும் நிறுத்தப்பட்டன.

அளந்ததும் அறிந்ததும்

தூக்குக்குண்டு விட்டுப் பார்த்ததில், 4.2 மீட்டர் உயரச் சுவர் மூன்றாவது சட்டகத்துக்கு நேரே உச்சியில் 95 மி.மீ. வெளியே சாய்ந்திருந்தது. அதே சட்டகத்தின் மறுமுனையில், வடகிழக்குச் சுவரில், சாய்வு 40 மி.மீ. மட்டுமே, முகப்புக் கொட்டகையின் பக்கச்சுவர் அங்கே அணைகல்லாக நின்று தாங்கியிருந்தது. மற்ற மூன்று சட்டகங்களுக்கு நேரே சாய்வு 20 மி.மீ.யைத் தாண்டவில்லை. சாய்வு சுவர் நெடுகப் பரவாமல், உத்திரம் அறுபட்ட இடத்தை மையமாக வைத்தே கூடிக் குறைந்தது. அடித்தளம் இறங்கியிருந்தால் சாய்வு இந்த வடிவில் இருக்காது.

இதோடு, நான்காவது அங்கணத்தில் தரையிலிருந்து ஒன்று முதல் இரண்டரை மீட்டர் உயரத்துக்குள் வெளிமுகம் மட்டும் 60 மி.மீ. புடைத்திருந்தது. சிறு சுத்தியலால் தட்டியபோது உள்ளே வெற்றிடம் இருப்பதுபோன்ற ஒலி. உள்முகத்தில் அதற்கு இணையான குழிவு எதுவும் இல்லை. ஆகவே இது சாய்வல்ல; முகங்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருந்தன.

ஈரத்தை அளக்க ஈரமானியை நம்பவில்லை. மாடு கட்டிய சுவரில் சிறுநீரும் சாணமும் ஊறி நைட்ரேட் உப்பு சேர்ந்திருக்கும். அந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தும், காற்றிலிருந்தே ஈரத்தையும் இழுக்கும். காய்ந்த சுவரையும் நனைந்ததாகக் கருவி காட்டிவிடும். எனவே உள்முகத்திலிருந்து மெதுவாகச் சுழலும் துளைக்கருவியால் 300 மி.மீ. ஆழம் வரை காரைத் தூள் எடுத்து, காற்றுப்புகாக் குப்பியில் அடைத்து, எடைபோட்டு, அடுப்பில் உலர்த்தி மறுபடி எடைபோட்டார்கள். நடுச்சுவரில், அதாவது சுவர்த் தடிமனின் நடுவில், கிடைத்த ஈரம்: தரையிலிருந்து 0.3 மீட்டரில் 6 சதவீதம், 0.9 மீட்டரில் 7, 1.5 மீட்டரில் 11, 2.1 மீட்டரில் 12, 3 மீட்டரில் மறுபடி 7.

இந்த எண்களில்தான் நோயின் போக்கு தெளிந்தது. தரையிலிருந்து ஏறும் ஈரம் அடியில் மிகுந்து மேலே போகப்போகக் குறைய வேண்டும். இங்கே இரண்டு மீட்டர் உயரத்தில், புடைப்புக்கு நேர் பின்னால், உச்சம் தொட்டிருந்தது. சிமெண்ட் காரை சுருங்கும்போது கல்லின் ஓரத்தில் மயிரிழை விரிசல் விடும். இங்கிலாந்தில் மழைக்காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்தே அடிக்கும். அந்த முகத்தின் விரிசல் வழியே தண்ணீர் உள்ளே போய்விடுகிறது. சுண்ணாம்புக் காரையாக இருந்தால் உலர்நாளில் அதே இணைப்பு வழியாக ஆவியாகி வெளியேறும். அடர்ந்த சிமெண்ட் அதை விடாது. உள்ளே தேங்கிய நீர் மண்காரையைக் கரைத்துக் கீழே இறக்கியது. இறங்கிய சில்லுகள் ஓரிடத்தில் சேர்ந்து ஆப்பாகி முகக்கற்களை வெளியே தள்ளின. உறைபனி மிச்சத்தைச் செய்தது.

சுவருக்கு வெளியே ஒரே ஒரு சோதனைக் குழி, 600 மி.மீ. அகலத்தில், கையால் தோண்டிப் பார்த்தார்கள். அடித்தளம் என்று தனியாக எதுவும் இல்லை. பெரிய கற்கள் ஒரு வரிசை, பழைய தரைமட்டத்துக்குக் கீழே 300 மி.மீ. மட்டும் இறங்கியிருந்தது.

எஃகுக் குமிழ்களைச் சுவரில் பதித்து, ஓராண்டு முழுக்க மாதந்தோறும் டிஜிட்டல் காலிப்பரால் இடைவெளி அளந்தார்கள். கோடைக்கும் குளிருக்கும் ஏற்ப அரை மி.மீ. அசைவு இயல்பு. அதைக் கழித்தபின் உச்சியில் 1.2 மி.மீ. திரும்பிவராத வெளிநகர்வு எஞ்சியது. முட்டு கொடுத்த பிறகும் சுவர் முழுதாக ஓயவில்லை.

ஒரே சுவரில் இரண்டு நோய்கள் இருந்தன. உச்சியில் கூரை தள்ளுகிறது. நடுவில் நீர் பிளக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் சேர்ந்து ஒரே சாய்வாகத் தெரியும். சுவரை மட்டும் புதிதாகக் கட்டியிருந்தால், அறுபட்ட உத்திரம் புதுச் சுவரையும் தள்ளத் தொடங்கியிருக்கும். கூரையை மட்டும் பிணைத்திருந்தால் புடைப்பு சரிந்து விழுந்திருக்கும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

சாய்ந்த சுவரை நிமிர்த்துவதில்லை என்பதே முதல் முடிவு. 95 மி.மீ. சாய்வில் பாரக்கோடு இன்னும் 600 மி.மீ. தடிமனுக்குள் பத்திரமாக விழுகிறது என்று பொறியாளர் கணக்கிட்டார். இழுத்து நிமிர்த்தினால் மண்காரை நொறுங்கும். இப்போது பொருந்தியிருக்கும் கற்கள் எல்லாம் பிடி விடும். பழைய கட்டடத்தை மீட்டுப் புதிதாக்காமல் பேணிக் காப்பாற்ற வேண்டும் என்று வலியுறுத்தி, வில்லியம் மோரிஸும் நண்பர்களும் 1877-ல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தின் வழியும் இதுதான்.

அறுபட்ட உத்திரத்துக்குப் புது ஓக் மரம் பொருத்துவதா, எஃகுக் கம்பியா என்பதில் கருத்து வேறுபட்டது. அலுவலர் ஓக் மரத்தை விரும்பினார். ஆனால் இழுவிசையைத் தாங்கும் மரச்சந்துக்கு இரண்டு முண்டுகளையும் நீளமாக வெட்ட வேண்டியிருக்கும். பழைய சாய்மரத்தோடு மரமுளை அடித்து இறுகி நின்ற அசல் பொருத்தங்கள் அந்த முண்டுகளில்தான் இருந்தன. கடைசியில், முண்டுகளை அப்படியே விட்டு, உத்திரத்தின் இரு பக்கமும் 16 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் இரண்டை ஓடவிட்டு, முண்டுகளில் போல்ட் அடித்த தகடுகளில் பிடிப்பது என்று ஒப்புக்கொண்டார்கள். நடுவில் முறுக்கி இறுக்கும் திருகுப்பிணை. கண்ணுக்குத் தெரியும் பழுதுபார்ப்புதான். பின்னால் வருபவர் வேண்டுமானால் கழற்றி ஓக் மரமே வைக்கலாம்.

புடைப்பில் 6 சதுர மீட்டர் வெளிமுகத்தை மட்டும் எண்ணிட்டுப் பிரித்து, கட்டுக்கற்களோடு திரும்பக் கட்டுவது. மற்ற இடங்களில் சிமெண்டை அகற்றிச் சுண்ணாம்புக் காரை.

எந்தச் சுண்ணாம்பு என்பது அடுத்த கேள்வி. நீரிலும் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பில் 3.5 தரம் எளிதாகக் கிடைக்கும், கொத்தனார்களுக்கும் பழக்கம். 28 நாளில் அதன் வலிமை 3.5 முதல் 10 மெகாபாஸ்கல் வரை இருக்கலாம், பின்னும் கூடும். மென்மையான இந்த ஊலிட்டிக் கல்லுக்கு அது கடினம் என்று ஒதுக்கினார்கள். பழைய காரையின் மாதிரியில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள் தெரிந்தன. சுட்ட சுண்ணாம்பை மணலோடு சேர்த்தே நீற்றிய காரைக்கு அது அடையாளம். அதே முறையை எடுத்துக்கொண்டார்கள்: சுட்ட சுண்ணாம்புத் தூள் 1 பங்கு, சொரசொரப்பான மணலும் அந்தக் கல்லின் பொடியும் சேர்ந்து 3 பங்கு. நீறும்போது சுண்ணாம்பு ஏறத்தாழ இரட்டிப்பாவதால் காரை கொழுப்பாக வரும். கொதிக்கும் கலவை கண்ணில் தெறித்தால் பார்வை போகும். கண்ணாடி, கையுறை, பக்கத்திலேயே கண் கழுவும் நீர் இல்லாமல் கலவைத் தொட்டியைத் தொடவிடவில்லை.

வடிகால் பற்றியும் ஒரு எச்சரிக்கையான முடிவு. சுவரை ஒட்டி ஆழமாகப் பள்ளம் தோண்டிச் சல்லி நிரப்புவது இத்தகைய இடங்களில் வழக்கமான பரிந்துரை. 300 மி.மீ. மட்டுமே இறங்கிய சுவருக்கு அது ஆபத்து. கான்கிரீட்டை எடுத்து, நிலத்தைப் பழைய மட்டத்துக்கு இறக்கி, சுவரைவிட்டு விலகும் சரிவு கொடுத்து, வடிகாலைச் சுவரிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி அமைத்தார்கள்.

வௌவாலால் மாறிய அட்டவணை

கூரை மரங்களின் துளைச்சந்துகளில் வௌவால் தங்கும் என்பது இந்த வகைக் களஞ்சியத்தில் எதிர்பார்க்க வேண்டியது. வௌவாலும் அதன் தங்கிடமும் சட்டத்தால் காக்கப்பட்டவை. மாலையில் வெளியே பறப்பதை எண்ணும் கணக்கெடுப்பை மே முதல் செப்டம்பர் வரைதான் செய்ய முடியும். உயிரியல் ஆய்வாளரை அமர்த்தியபோது முதலாம் ஆண்டு அக்டோபர் ஆகிவிட்டது. அதனால் ஓராண்டு தள்ளிப்போனது. இரண்டாம் ஆண்டுக் கோடையில், இரண்டாவது சட்டகத்தின் சந்தில் நேட்டரர் என்ற இனத்து வௌவால்கள் குட்டிகளோடு இருப்பது உறுதியானது. உரிமம் கிடைத்தது, நிபந்தனை, குட்டிகள் பறந்துபோகும் வரை, அதாவது செப்டம்பர் பாதி வரை, கூரையைத் தொடக்கூடாது. ஓட்டுக்கு அடியில் விரிக்கும் நவீன மூச்சுவிடும் விரிப்புகளின் இழைகளில் வௌவால் நகம் சிக்கிச் செத்துப்போகும் என்பதால் அவற்றுக்கும் தடை. வெப்பமூட்டாத களஞ்சியம் என்பதால் விரிப்பே வேண்டாம் என்று விட்டார்கள்.

வேலை நடந்த விதம்

மூன்றாம் ஆண்டு ஏப்ரலில் கான்கிரீட் தளத்திலிருந்து தொடங்கினார்கள். சிறு மண்வாரியில் மாட்டிய இடிப்பானால் உடைத்த முதல் நாள் மாலையே, குமிழ் அளவில் 0.4 மி.மீ. கூடுதல் தெரிந்தது, புடைப்பிலிருந்து இரண்டு கற்களும் விழுந்தன. உடனே நிறுத்தி, சுவரிலிருந்து இரண்டு மீட்டர் வரை கான்கிரீட்டை வட்டரம்பத்தால் பலகை பலகையாக அறுத்து, கடப்பாரையால் நெம்பி எடுத்தார்கள்.

அடுத்து எஃகுக் கம்பிகள். திருகுப்பிணையைக் கையால் முடிந்தமட்டும் இறுக்கி, அதற்குமேல் கால் சுற்று மட்டும். சுவரை உள்ளே இழுப்பது நோக்கமல்ல, இனி தள்ளும் விசையைக் கம்பி ஏற்றுக்கொண்டால் போதும். சுவருச்சி 0.3 மி.மீ. உள்ளே வந்து நின்றது.

மே, ஜூனில் சுவர் வேலை. சிமெண்டை எடுக்கக் கோண அரவைக் கருவிக்கு அனுமதி இல்லை. அதன் வட்டத்தகடு கல்லின் விளிம்பைத் தின்றுவிடும், கோணலான இணைப்பில் நேர்க்கோடு போட்டுவிடும். ஒடுங்கிய உளியும் சுத்தியலும்தான். இணைப்பின் அகலத்தைப்போல் இரு மடங்கு ஆழம், குறைந்தது 25 மி.மீ., சுத்தமாகும் வரை குடைந்து, தூசியைக் கழுவி, கல் ஈரப்பதமாக இருக்கும்போதே காரையை அழுத்தினார்கள். அகன்ற இணைப்புகளில் காரையை மட்டும் திணிக்காமல் சில்லுக்கல்லைச் செருகினார்கள். வெறும் காரை தடித்தால் சுருங்கி வெடிக்கும். காரை கட்டைவிரலுக்கு இடம் கொடுக்காமல், நகம் மட்டும் பதியும் நிலைக்கு வந்ததும், விறைத்த தூரிகையின் முனையால் குத்திக் குத்தி அடித்தார்கள். மேற்பரப்பின் பால்தோல் உடைந்து துளைகள் திறந்தால்தான் உள்ஈரம் வெளிவரும். பிறகு நனைத்த கோணிச் சாக்கைத் தொங்கவிட்டு, குறைந்தது ஒரு வாரம் வெயிலும் காற்றும் நேரே படாமல் பார்த்துக்கொண்டார்கள்.

புடைப்பைப் பிரித்தபோது உள்ளே கை முழங்கைவரை போகும் வெற்றிடம். அந்த 6 சதுர மீட்டரில் கட்டுக்கல் ஒன்றுகூட இல்லை. திரும்பக் கட்டும்போது சதுர மீட்டருக்கு ஒன்று வீதம் ஆறு கட்டுக்கற்கள் வைத்தார்கள். பக்கத்து வெற்றிடங்களில் தண்ணியான சுண்ணாம்புக் குழம்பைக் கீழிருந்து மேலாக, நாளுக்கு அரை மீட்டர் உயரம் மட்டும், தானாக இறங்கும்படி ஊற்றினார்கள். ஒரே நாளில் நிறைத்தால் குழம்பின் எடையே முகத்தைத் தள்ளிவிடும்.

செப்டம்பர் பாதியில் தென்மேற்குச் சரிவின் ஓடுகளை இறக்கினார்கள். ஒரு சரிவை முழுதாகக் காலிசெய்தால் மறு சரிவின் 15 டன் சட்டகங்களை ஒரு பக்கமாகத் தள்ளும் என்பதால், ஒரு நேரத்தில் ஒரு அங்கணம் மட்டும் பிரித்து வேய்ந்தபின் அடுத்ததற்குப் போனார்கள். ஓடு பெரும்பாலும் கெடவில்லை. ரீப்பர் சட்டத்தில் ஓட்டைத் தொங்கவிடும் ஓக் முளைகள்தான் மக்கிப்போயிருந்தன. பத்துக்கு ஏழு ஓடுகள் மறுபடி பயன்பட்டன. குறைந்ததற்குப் பழைய ஓடு வாங்கவில்லை. பழைய ஓட்டுக்கு விலை ஏறினால் வேறெங்கோ ஒரு களஞ்சியத்தின் கூரை உரிபடும். குவாரியில் புதிதாகப் பிளந்த ஓடுகள் வந்தன. ஒரு காலத்தில் இப்பகுதிக்குப் புகழ்பெற்ற ஓடு தந்தது ஸ்டோன்ஸ்ஃபீல்ட் கிராமம். ஈரமான கல் கட்டிகளைக் குளிர்காலம் முழுக்க வெளியே பரப்பி, உறைபனியே பிளக்கும்படி விடுவார்கள். 1824-ல் வில்லியம் பக்லேண்ட் மெகலோசாரஸ் என்று பெயரிட்டு விவரித்த டைனோசர் எலும்புகளும் அந்த ஓட்டுக்கல்லில் கிடைத்தவையே.

கூரை முடிய அக்டோபர் கடைசி ஆகிவிட்டது. இறவாணத்துக்குக் கீழே விட்டுவைத்திருந்த ஒரு மீட்டர் பட்டைக்கு அதன்பிறகே காரை பூச முடிந்தது. நவம்பர் இரண்டாம் வாரத்தில் மூன்று இரவுகள் தொடர்ந்து உறைபனி. நனைந்த சாக்கு மட்டும் தொங்கியது, அதன்மேல் காப்புப் போர்வை போடவில்லை. இறுகாத காரைக்குள் நீர் உறைந்து, 8 சதுர மீட்டரில் காரை பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. நான்காம் ஆண்டு மே மாதம் அதை முழுதும் சுரண்டி மறுபடி பூசினார்கள்.

பின்விளைவு

வேலை முடிந்து இரண்டு ஆண்டுகளில், குமிழ் அளவுகள் பருவத்துக்கேற்ப முன்னும் பின்னும் அசைந்து பழைய இடத்துக்கே திரும்பின. நிரந்தர நகர்வு இல்லை. 2.1 மீட்டர் உயரத்தில் 12 சதவீதமாக இருந்த நடுச்சுவர் ஈரம் முதலாண்டு இறுதியில் 8 ஆகவும் இரண்டாம் ஆண்டு இறுதியில் 5 ஆகவும் இறங்கியது. இத்தனை தடித்த சுவர் இதைவிட வேகமாக உலராது. நேட்டரர் வௌவால்கள் அடுத்த கோடையிலேயே அதே சந்துக்குத் திரும்பின.

உள்ளே அடிச்சுவரில் சிமெண்ட் பூச்சை எடுத்த இடம் இன்னும் தொல்லை தருகிறது. சுவர் உலர உலர நைட்ரேட் உப்பு மேற்பரப்புக்கு வந்து பூக்கிறது; மழைநாளில் கறுத்து ஈரம்போலத் தெரிகிறது. அங்கே வெள்ளையடிக்க உரிமையாளர் விரும்பினார். மதிப்பாய்வாளர் தடுத்துவிட்டார். இப்போது உப்பை வறண்ட தூரிகையால் துடைத்து, அள்ளி வெளியே கொட்டுகிறார்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். சில இடங்களில் பலிகாரையாக மென்மையான சுண்ணாம்புப் பூச்சு பூசி, உப்பை அது உறிஞ்சியதும் உரித்தெறியும் முறை சோதனையில் இருக்கிறது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

வௌவால் கணக்கெடுப்புக்கு முதல் மாதமே ஆளை அமர்த்தியிருக்க வேண்டும். அந்த ஒரு தாமதம் ஓராண்டை விழுங்கியது. கூரை வேலையை இலையுதிர்காலத்தில் வைத்தே ஆக வேண்டிய நிபந்தனை முன்கூட்டியே தெரிந்திருந்தால், இறவாணப் பட்டையை அடுத்த மே மாதத்துக்கு என்று தொடக்கத்திலேயே ஒதுக்கியிருக்கலாம். சாரத்துக்கு இன்னொரு முறை வாடகை கொடுப்பது, 8 சதுர மீட்டரை இரண்டு முறை செய்ததைவிட மலிவாகவே முடிந்திருக்கும். செப்டம்பருக்குப் பிறகு இந்த வகைக் காரையை வெளிச்சுவரில் பூசவே கூடாது என்பதை இனி ஒப்பந்தத்திலேயே எழுதுவது நல்லது.

கான்கிரீட்டை அகற்றி வடிகால் அமைத்தபின் ஒரு குளிர்காலம் சுவரை விட்டுப்பார்த்திருந்தால், நடுச்சுவர் ஈரத்தில் எவ்வளவு தரையிலிருந்து வந்தது, எவ்வளவு சிமெண்ட் விரிசலால் வந்தது என்று பிரித்துச் சொல்லியிருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் செய்ததால் இரண்டின் பங்கும் கலந்துவிட்டது. மற்ற மூன்று சட்டகங்களின் அடிகளும் சுவருக்குள் புதைந்திருப்பதால் அவற்றின் முனை மக்கியிருக்கிறதா என்பது பார்க்கப்படவில்லை. சாரம் நின்றிருந்தபோதே நுண்துளையிட்டு எதிர்ப்பு அளக்கும் கருவியால் அரை நாளில் சோதித்திருக்கலாம். இப்போது அந்தச் சோதனை, வடகிழக்குச் சரிவின் ஓடுகளை மாற்றும்போது செய்ய வேண்டியவற்றில் முதலாவதாகப் பராமரிப்புக் குறிப்பேட்டில் எழுதப்பட்டிருக்கிறது. அதோடு, ஆண்டுக்கு இரண்டு முறை, இலை உதிர்ந்தபின்னும் உறைபனி முடிந்தபின்னும், வடிகாலைத் திறந்து பார்ப்பது, திருகுப்பிணை தளர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது, குமிழ்களை அளந்து எழுதுவது ஆகிய மூன்றும் உரிமையாளர் குடும்பமே செய்யும் வேலைகளாகக் குறிக்கப்பட்டுள்ளன.